மடிநெல்

ஆறு மகரந்தப்பை.
ஒரு நெற்பூவுக்குள் சரியாக ஆறு.
ஒன்றைத் தவறவிட்டாலும்
பூ தன் காரியத்தைத் தானே பார்த்துவிடும்,
பிறகு நான் எதற்கு?

தை பிறந்த பின்னேரங்களில்
பரந்தன் ஆய்வு வயலில் குந்தியிருந்து
உமியின் நுனியைக் கத்தரித்து
இடுக்கியால் எண்ணி எண்ணி எடுத்தேன்.
எண்ணெய்த்தாள் உறை. பென்சிலில் திகதி.
பேனை என்றால் பனி அழித்துவிடும்.

தாய், மூடை மூடையாய் விளைகிற குட்டை.
உவர் பட்டால் ஒரு கிழமையில் நுனி கருகும்.
தகப்பன், கண்டாவளையில் நீரேரிக் கரையோரம்
யாரும் விதைக்காமல் நின்ற சிவப்பன்.
உப்புத்தண்ணியில் முழங்காலளவு நிற்பான்,
அரிவாள் கிட்டப் போனால்
மணி முழுவதையும் நிலத்தில் கொட்டுவான்.
"சீமாட்டிக்குச் சண்டியன் மாப்பிள்ளை,
சீதனம் ஆர் குடுக்கிறது?" என்றார்
கள உதவியாளர் மரியதாசன்.

அடுத்தநாள் பத்து மணிக்கு, காற்று விழுந்த நேரம்,
சிவப்பனின் கதிரை உறைக்குள் தட்டினோம்.
நூற்றெண்பது பூவில் பிடித்தது பத்தொன்பது.
வெட்டுண்ட உமிக்கு மேலே
தொப்பியில்லாத பிள்ளைகளாய்த் தலை நீட்டின.

அதற்குப் பிறகு எல்லாம் கழித்தல்தான்.
இரண்டாம் தலைமுறையில் நாலாயிரம் செடி,
ஒன்றைப் போல் ஒன்றில்லை.
நெடுவல், பதர், பாதி சிவப்பு, பூக்கவே மறந்தது.
வரம்பில் நடந்து
இது வேண்டாம், இது வேண்டாம் என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனேன்.
ஒரு போகம் வான்கதவு திறந்து வெள்ளம்.
ஒரு போகம் மயில்.
மயிலுக்கு என்னைவிட நல்ல கண்,
சிறந்த வரிசைகளைத்தான் தின்றது.
ஏழாம் தலைமுறையில் மிஞ்சியது
இருநூற்றுப் பன்னிரண்டு.
பத்தில் ஒரு மணி இன்னும் கொட்டும்.
அதையும் பென்சிலில் எழுதினேன்.

கோப்பு பேராதனைக்குப் போனது.
திரும்பி வந்தது.
இன்னும் மூன்று இடத்தில், இன்னும் இரண்டு போகம்.
சோறு தின்று பார்த்தவர்களில் ஒருவர்
"நிறம் மங்கல்" என்று மட்டும் எழுதியிருந்தார்.
மறுபடி அனுப்பினோம்.

மண் எடுக்கத்தான் அன்று கண்டாவளைக்குப் போனேன்.
உப்புப் பூத்த வரம்புக்கு அந்தப் பக்கம்
ஒரு வயல் முழுக்க நின்றது.
நிமிர்ந்த கொடியிலை,
அதற்குக் கீழே ஒதுங்கிய கதிர்,
அடிக்கணுவில் ஊதா வளையம்.
நாலாயிரத்தில் வேறெதிலும் நான் காணாத வளையம்.

"இதென்ன நெல்?"
"மடிநெல்" என்றார் பத்மலோசனி,
ஆறு போகத்துக்கு முன் எங்கள் வயலில்
நாட்கூலிக்குக் கதிர் அறுத்தவர்.
மடியில் வந்தபடியால் அந்தப் பேராம்.
சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.
"ஒரு பிடிதான் மிஸ். பொலிசுக்குச் சொல்லுவியளோ?"
"இப்ப எத்தனை பேரிட்டை இருக்கு?"
"தர்மபுரம் மட்டும் போயிட்டுது.
முரசுமோட்டையிலயும் ஆரோ கேட்டவை."

கதிரொன்றைப் பிடித்து உருவினேன்.
கைக்குள் எதுவும் விழவில்லை.
இன்னும் இறுக்கி உருவினேன்.

"முதல் கொட்டினதுதான்" என்றார்.
"கொட்டாத கதிராப் பாத்துத்தான் விதைக்கு எடுக்கிறனான்.
நிலத்தில விழுந்ததை
எப்பிடி மிஸ் மடியில கட்டுறது?"

பன்னிரண்டு வருடம்.
நான் எழுதிவைத்த குறையை
அவர் எழுதாமல் எடுத்துவிட்டார்.

ஒரு பிடி கேட்டேன்.
சிரித்துக்கொண்டு இரண்டு பிடி தந்தார்.
நீளக்காற்சட்டையில் மடியில்லை.
மண்ணுக்குக் கொண்டுபோன பையில் போட்டுக் கட்டினேன்.

அன்றைய அறிக்கையில்
உவரின் அளவு இருக்கிறது. காலநிலை இருக்கிறது.
பயிர்: "நெல்" என்று இருக்கிறது.

இருநூற்றுப் பதின்மூன்று
இந்தக் காலபோகத்தில் முளைத்துவிட்டது.
"இது எந்தக் கலப்பு?" என்று
மரியதாசன் பதிவேட்டோடு வந்து நிற்கிறார்.
பெற்றோர் என்ற கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.
பென்சிலைத்
தீட்டிக்கொண்டே இருக்கிறேன்.