நீடாமங்கலம் கேட்டில்

துருக்கிக் கப்பல்பட்டறைப் படிவத்தில் ஒரு கட்டம்:
அன்னே அடி.
அண்ணன் பேரைத்தான் கேட்கிறான் என்று
உத்திராபதி
என அழுத்தி எழுதிவிட்டேன்.

மன்னார்குடி ஏஜெண்டு சிரித்துத் தீர்த்தான்.
அந்த ஊரில் அன்னே என்றால் அம்மாவாம்.
வெள்ளை மை தடவி
காத்தாயி என்று திருத்தினான்.
தாளின் முதுகில் மட்டும்
பழைய பேர் புடைத்து நின்றது.

கேட் போட்டு அரைமணி ஆகிறது.
நெல்மூட்டை ஏற்றிய கூட்ஸ்
எண்ண எண்ண முடியவில்லை.

பின்சீட்டில் அண்ணன்
என் வெல்டிங் கண்ணாடியைத்
துடைத்ததையே துடைக்கிறான்.
சம்பா விற்ற காசு, அண்ணி வளையல்,
ஒன்றைப் பற்றியும் மூச்சில்லை.

“அண்ணே, வெள்ளரிப்பிஞ்சு அண்ணே!”
ஜன்னலில் ஒரு பையன்.
இரண்டு பேரும் திரும்பினோம்.

வாங்கி, ஒரு கடி கடித்து,
உப்பு கம்மி என்று
தன் பங்கையும் என்னிடம் நீட்டினான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.