ஏழாம் குப்பி

படிவத்தில் முதல் தகராறு ஒரு சொல்லால் வந்தது.
'நாற்றம்' என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்,
'வாசனை' என்று கேட்டால் பூவைத் தேடுகிறார்கள்.
(மல்லிகைக்கும் சேர்த்தே இருந்த சொல்தான் நாற்றம்.
யார் கெடுத்தார்கள் அதை, எப்போது?)
மூன்று கூட்டம், எண்ணாத தேநீர் கழித்து
இப்படி அச்சடித்தோம்:
மூக்குக்கு என்ன தெரிகிறது?

ஒன்பது குப்பிகள். எண் மட்டும் ஒட்டியவை.
எதில் எது என்று முகர்பவருக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது.
தெரிந்தால் என் புருவம் சொல்லிவிடுமாம்.
விடை வேலூரில், துறையின் இரும்பு அலமாரியில்,
அரக்கு வைத்த உறைக்குள்.
வரிசையை எத்திராஜுலு சீட்டுக் குலுக்கி எடுப்பான்,
தன் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டே.

பேர்ணாம்பட்டில் நாற்பது பேர், தோல் பதனிடும் தெருக்களில்.
ஒடுகத்தூரில் நாற்பது பேர், ஒப்பிட.
ஒப்பிடத்தான் என்றதும் ஒடுகத்தூர்க்காரர் கேட்டார்:
"அப்ப எங்களுக்கு ஒண்ணும் ஆகலன்றதுதான் எங்க வேலையா?"
ஆமாம் ஐயா.
கையெழுத்து இங்கே.

முதல் நாள், குடியாத்தம் தாண்டிய பேருந்தில்,
ஒரு வளைவில் அது ஏறியது.
சுண்ணாம்பும் ஈரத்தோலும் இன்னும் ஏதோவும்
டிக்கெட் எடுக்காமல் என் மடியில் உட்கார்ந்தன.
கைக்குட்டையை எடுத்தேன்.
எதிர் இருக்கைப் பிள்ளை
என்னைத்தான் வேடிக்கை பார்த்தது.

மூக்கின் கூரையில் சல்லடையாய் ஓர் எலும்பு.
மூளை ஏறக்குறைய வெளியே எட்டிப் பார்க்கும் இடம்.
அங்கே தொங்கும் நரம்பு ஒரு சலிப்புக்காரி.
புதிதாய் வந்தவனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்,
கூடவே இருப்பவன் அவளுக்கு இல்லாதவன்.

கமருன்னிசா, இருபத்தாறு வருடம் தோலின் ஓரம் வெட்டியவர்,
கிராம்பைப் 'பல்வலி' என்றார்.
மண்ணெண்ணெயை 'ரேஷன் வரிசை' என்றார்.
இவற்றுக்குக் குறியீடு இல்லை. 'பிற – 9' போட்டேன்.
ஏழாவதில் நெடுநேரம் நின்றார்.
விதிப்படி பத்து நொடி. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"இதுல ஒண்ணுமே இல்ல."
பிறகு, மூடியைத் திருகியபடி,
"ஒண்ணுமே இல்லாதது இப்படித்தான் இருக்கும்னு
மறந்தே போயிருந்தேன்."

அதே ஏழில் ஒருவருக்கு மரிக்கொழுந்து,
ஒருவருக்குப் பழைய ரூபாய்க் கட்டு.
ஒடுகத்தூரில் ஒருத்தி முகர்ந்ததும் சிரித்தாள்:
"எம் மாமியாரு."

பத்தொன்பதாம் நாள் பேருந்தில்
கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
நிமிர்ந்தால் பேர்ணாம்பட்டு.
வளைவு எப்போது போச்சு?
"எந்த வளைவு?" என்றான் எத்திராஜுலு.
அளக்க வந்த முழக்கோல் சுருங்கியதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்றிரவு சத்துவாச்சாரி அறையில்
மின்விசிறி அனலை அனலின்மேல் தள்ள,
விதியை மீறி ஏழைத் திறந்தேன்.

மழை.

சந்தேகமே இல்லை,
கோட்டை மதிலின் கருங்கல்லில் முதல் தூறல்.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
காய்ந்த பாலாற்றுப் பக்கம் ஒரு லாரி
கியர் மாற்றிக்கொண்டிருந்தது.
வானம் முழுக்க நட்சத்திரம், மே மாதத்து அகங்காரத்தோடு.

ஜூனில் உறையை உடைத்தார்கள்.
ஏழு: காய்ச்சி வடித்த தண்ணீர்.
எல்லோரும் சிரித்தோம்.
எண்பது பேரில் இருபத்துமூன்று பேர்
தண்ணீரில் எதையாவது முகர்ந்திருந்தார்கள்.
எண்பத்தோராவது ஆளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கமருன்னிசாவின் தாளை எடுத்தேன்.
கட்டத்தில் 0, அதாவது 'பதில் இல்லை'.
ஓரத்தில், பென்சிலில், என் கிறுக்கலில்,
அவர் சொன்ன வரி.

கணினியில் ஏற்றும் பையன் எட்டிப் பார்த்தான்:
"மேடம், ஓரத்துல இருக்கறத
எந்தக் காலத்துல அடிக்கணும்?"