பத்துப் படி

ஐந்து கம்பிகள்.
நீலம், ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு,
யாரோடும் சேராமல் ஓரத்தில் ஒரு சிவப்பு.
நூற்றிருபது ரூபாய் மோட்டார்,
உள்ளங்கையில் வைத்தால் தைல டப்பா அளவு.

முதல் நாள் அது சுற்றவில்லை.
நடுங்கியது,
காய்ச்சல்காரன் பல் கிட்டுகிற மாதிரி
இருந்த இடத்திலேயே.
நுஸ்ரத் காதை வைத்துக் கேட்டாள்:
"உள்ள இருந்து உன்னைத்தான் திட்டுது."
நடுவில் இரண்டு கம்பிக்கு முறை மாறியிருந்தது.
ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று நான் கூப்பிட,
ஒன்று மூன்று இரண்டு நான்கு என்றால்தான்
திரும்புவேன் என்று அது.
மாற்றினேன்.
போர்டில் நான்கு சின்ன விளக்குகள் ஒன்றையொன்று துரத்த
பழைய சிடியின் மேல் ஒற்றை ஷூ
மெல்லத் திரும்பி எங்களுக்குக் குதிகாலைக் காட்டியது.

ஆம்பூரில் ஷூவுக்கு என்ன பஞ்சம்.
தையல் நூலிழை விலகினாலும் கப்பல் ஏறாது.
விலகியதை நுஸ்ரத் மூட்டையாக வாங்குகிறாள்,
போனில் விற்கிறாள்.
ஒன்றுக்கு எட்டுப் படம், எட்டுப் பக்கம்.
விலகின பக்கத்தையும் காட்டணும் என்பாள்.
நேர்மையா என்று கேட்டால்,
"திருப்பி அனுப்புற கூரியர் காசு மிச்சம்."

படிக்கு இரண்டு மில்லி செகண்ட்.
அதற்கு மேல் அவசரப்படுத்தினால்
கீச்சென்று கத்தும், படி தவறும்,
தவறியதை வாய் திறந்து சொல்லாது.
சும்மா நின்றாலும் கரண்டைக் குடித்துச் சூடேறும்;
படம் எடுக்கும் நேரம் நான்கு கம்பியையும் அணைக்க வேண்டும்.
லேப்டாப் தருகிற மின்சாரம் போதாது, போன் சார்ஜர் வேண்டும்.
பெங்களூர் வண்டி தடதடக்கும்போது கேமராவைத் தொடக்கூடாது.
இவ்வளவும் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

ஒன்று மட்டும் அதில் இல்லை.
காலையில் கேமராவைப் பார்த்த மூக்கு
ஐம்பது ஷூ தாண்டினால் சன்னலைப் பார்த்தது.
"நீ இடிச்சிருப்ப."
"நான் தொடவேயில்ல."
"துப்பட்டா பட்டிருக்கும்."
"தினம் ஒரே அளவுக்கா படும்?"
மறுநாளும் சன்னல்.
மறுநாளும் துப்பட்டா என்றேன்.
மூன்றாம் நாள் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப்
பெல் அடிக்காமல் போயிருந்தாள்.

கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக் நான்.
கழற்றிப் பார்க்காமல் எந்த மெஷினையும்
குறை சொன்னது கிடையாது.
அன்று கரண்ட் போன ராத்திரி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மோட்டார் மூடியை நெம்பினேன்.
கிரீஸில் முங்கிய பற்சக்கரங்கள்.
ஊசி முனையால் ஒவ்வொரு பல்லாக:
முப்பத்திரண்டு. இருபத்திரண்டு.
இருபத்தாறு, இல்லை, திரும்ப எண்ணு, இருபத்தாறுதான்.
முப்பத்தொன்று.
அவற்றை ஓட்டுகிற பொடிசுகள்
ஒன்பது, பதினொன்று, ஒன்பது, பத்து.
மின்கட்டண ரசீதின் பின்னால் பெருக்கி வகுத்தேன்.

அறுபத்து நான்குக்கு ஒன்று என்றுதான் விற்றார்கள்.
அறுபத்து மூன்றே முக்கால்கூட இல்லை.

ஒரு சுற்றுக்கு நான் போட்டது
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுப் படி.
அதற்குத் தேவை இரண்டாயிரத்து முப்பத்தெட்டு.
பத்துப் படி அதிகம்.
முதல் ஷூவில் தெரியாது, மூன்றாவதில் தெரியாது,
ஐம்பதாவதில்
கால் வட்டமும் ஒரு சிநேகிதியும்.

முப்பத்தெட்டும் முழுசில்லை.
ஒன்பது சுற்றுக்கு ஒரு படி குறைத்தேன்,
பிப்ரவரிக்குச் செய்கிற கணக்கைப்போல, தலைகீழாக.
கரண்ட் வந்ததும் ஐம்பது சுற்று ஓடவிட்டேன்.
மூக்கு கேமராவையே பார்த்தது.
வீடியோ எடுத்து அனுப்பினேன்,
கீழே 2038 என்று மட்டும் அடித்து.

பாங்குக்கு எழுந்தவள் பதில் போட்டிருந்தாள்:
"துப்பட்டாகிட்ட சொல்லிட்டியா?"

அடிக்கிறேன், அழிக்கிறேன்.
ஒரு சொல்லை எந்த வரிசையில் போட்டால்
நடுங்காமல் திரும்பும் என்று
இன்னும் பிடிபடவில்லை.