ஆறு அங்குலம்

சிம்னிக் குழாய்க்கு ஆறு அங்குல ஓட்டை.
பெரிய மெஷின் ராணிப்பேட்டையிலிருந்து வரணும்,
திங்கட்கிழமைக்கு மேல்தான்,
ஓட்டைக்கு ஆயிரத்து இருநூறு
என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக்.

என்னிடம் இருப்பது
திரைச்சீலைக் கம்பி மாட்ட வாங்கிய டிரில்.
பத்து எம்எம்முக்கு மேல் வாய் திறக்காது.

ஊறுகாய்ப் பரணியின் மூடியைச் சுவரில் வைத்து
பென்சிலால் ஒரு சுற்று.
கோட்டின் மேலேயே நெருக்கி நெருக்கி
முப்பத்தெட்டுப் புள்ளி.
இருபது வருஷமாய்த் தபால்தலை கிழிக்கிற கை இது.
ஓரமெல்லாம் துளையிட்டால்
எதுவும் கழன்று வரும் என்று
அதற்குத் தெரியும்.

முதல் பத்துத் துளை வெண்ணெய்.
சூளையில் வெளிவரிசை பார்த்து நின்ற
அரைவேக்காட்டுச் செங்கல்.
பதினொன்றாவது நடுநெருப்பில் இருந்தது போலும்.
டிரில் கத்தியது, திணறியது,
கருகின வாடை.
மின்விசிறிக்கு அடியில் அதைப் படுக்கவைத்தேன்.
பக்கத்தில் நானும் படுத்தேன்.
காகிதப்பட்டறை. மே மாதம். வெளியே நூற்றெட்டு.

சுவர் ஒன்பது அங்குலம்.
லாங் பஜாரில் ஒரு முழ நீளத்துக்குப் பிட்டு கேட்டேன்.
"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.
சுவருக்கு என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
அழுத்திய கை சட்டென்று
ஒன்றுமில்லாததற்குள் போனது.
அப்புறம் உளி, சுத்தியல்,
பொலபொலவென்று செம்மண்.
அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

துரைவேலு.
கால்வாய் அடைப்புக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்
நாலு வருஷமாய் முகம் பார்க்காத துரைவேலு,
தோளில் காயப்போட எடுத்த வேட்டி,
வேட்டியெல்லாம் என் வீட்டுச் சுவர்.

ஓட்டை வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது.
"நாலு விரல் கீழே போயிருந்தா என் மெயின் வயரு."
தெரியும், பார்த்துத்தான் போட்டேன் என்றேன்.
பார்க்கவில்லை.
கண் கொஞ்சநேரம் யோசித்தது.
"சாய்வு மட்டும் கரெக்டா வெளியே வச்சிருக்கீங்க.
மழைத்தண்ணி உள்ள வராது."

முக்காலி உயரம் கூடுதல்.
அதனால் வந்த சாய்வு.
அதை நான் சொல்லவில்லை.

குழாய் நாளைக்குத்தான் வரும்.
ராத்திரி அவர் வீட்டுச் செய்தி முழுக்க
என் அடுப்படியில் ஓடியது,
வானிலை வரைக்கும்.
பல்லி வருமே என்று
வட்டம் போட்ட அதே மூடியை எடுத்து
ஓட்டையில் பொருத்தினேன்.

வெட்டும்போது ஓரம் உதிர்ந்து
ஓட்டை பெரிதாகியிருந்தது.
மூடி நிற்கவில்லை.
சரியான சாய்வில் சறுக்கிப்போய்
அந்தப் பக்கம் விழுந்தது, டங்கென்று.

டிவியை யாரோ நிறுத்தினார்கள்.