கூட்டுப் பட்டா

முப்பது வருஷமாக அடங்கல் எழுதுகிறவள் நான்.
தரிசைப் பயிரென்றும் பயிரைத் தரிசென்றும்
எழுதச் சொல்லி வந்தவர்களின் காப்பியைக் குடித்தவள்.
காகிதம் எந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ளும் என்று தெரியும்.

ஆகவே எழும்பூரில் அந்தத் தடித்த பதிவேட்டைப் பிரித்ததும்
எழுத்துக்கு முன்னால் இடைவெளிகளைத்தான் பார்த்தேன்.

பூலுடையான். களக்காட்டுக்காரன்.
வயது இருபத்தாறு. உயரம் ஐந்தடி மூன்றங்குலம்.
இடது காது மடல் கிழிந்தது.
நெற்றியில் பச்சை: செய்த குற்றத்தின் பெயர்,
அவனால் வாசிக்க முடியாத எழுத்தில்.
ஆயுளுக்கும் தீவாந்திரம். பினாங்கு.
கப்பல் பெயர் இருந்த இடத்தைச் செல் தின்றிருந்தது.

வெள்ளைக்காரனை வெட்டியவர் என்றுதான்
எங்கள் வீட்டில் பேச்சு.
தம்பி ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறான்,
மீசையும் குதிரையும் வைத்து.

வெட்டுப்பட்டது வெள்ளைக்காரன் இல்லை.
வெயிலுமுத்து. கூடப்பிறந்தவன்.
பிசான நடவு, பச்சையாற்றுக் கால், மூன்றாம் மடை.
யார் முறை என்று விடியுமுன் ஒரு சண்டை.
ஆயுதம் மம்பட்டி.
விசாரித்த ஒன்பது பேரில் எட்டுப் பேர்
இருட்டாக இருந்தது என்கிறார்கள்.
ஒன்பதாவதாகச் சொன்னவன் அவனேதான்:
"நான்தான். தண்ணீர் அப்போது முழங்கால் மட்டும் இருந்தது."

பினாங்கு மூன்றே வரி.
ரோடு போடுகிற கூட்டத்தில் ஏழு வருஷம்.
பிறகு ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுமக்கிற வேலை.
அந்த வரியில் என் விரல் கொஞ்சநேரம் நகரவில்லை.
அதற்கப்புறம்
செத்தான் என்றும் இல்லை, விட்டார்கள் என்றும் இல்லை.

முப்பிடாதி, அவன் பெண்சாதி, மனுப் போட்டிருக்கிறாள்,
அதே கப்பலில் தன்னையும் ஏற்றச் சொல்லி.
அடியில் ஒரு கீறல், அவள் கை.
ஓரத்தில் வேறு மையில் ஒற்றைச் சொல்: கூடாது.

திரும்பிவந்து நாங்குநேரி ரெக்கார்டு ரூமில்
இரண்டு நாள் தும்மினேன்.
முப்பது வருஷம் பிந்திய செட்டில்மென்ட் கணக்கு.
மூன்றாம் மடைப் பாய்ச்சல், நஞ்சை, நாற்பத்திரண்டு சென்ட்.
வெயிலுமுத்து பெண்சாதி ஆவுடையாள்,
பூலுடையான் பெண்சாதி முப்பிடாதி.
கூட்டுப் பட்டா.

ஒரு தென்னை நிழலுக்காகக் கோர்ட் ஏறுகிறவர்களுக்குக்
கூட்டுப் பட்டாவைப் பிரித்துக் கொடுப்பது என் வேலையில் பாதி.
இதில் உட்பிரிவு இல்லை. நடுவரப்பும் இல்லை.
ராத்திரி முறை வரும்போது
இருவரில் யார் மம்பட்டி எடுத்துப் போனார்களோ.

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் இரண்டு இலை.
ஒன்றில் உப்பு உண்டு. ஒன்றில் கிடையாது.
ஏன் என்று கேட்டால், அப்படித்தான்.
மடையில் விழுந்தவனுக்கா உப்பில்லாதது,
கடல் தாண்டினவனுக்கா?
பரிமாறினவர்கள் எந்தக் கணக்கிலும் அதை எழுதவில்லை.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
இடது காதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தான்.
பிறகு,
"ஃப்ளெக்ஸுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சேக்கா" என்றான்.