பாண்டி லோரி

வாளையாறு தாண்டி நூறு மீட்டர் இல்லை,
"எடா பாண்டி, வண்டி ஒதுக்கு" என்றான்.
ஒதுக்கினேன். பதினாறு வருஷமாய் ஒதுக்குகிறேன்.
தார்ப்பாய்க்கடியில் கஞ்சிக்கோட்டுக்குப் போகும்
இரும்பு உருளை, பதினொன்றரை டன்.
அதை மாட்டிக் கொடுக்க வந்தவர்
கார் மதுக்கரையில் மூச்சை விட்டதால்
என் பக்கத்தில், கிளீனர் சீட்டில்,
பையைக் கட்டிக்கொண்டு. பேர் கோ.
கோ என்றால் எங்களில் ராஜா. சொல்லவில்லை.

போனைப் பேசவிட்டுக் கேட்டார்:
அந்த ஆள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்?
ஒரு ராஜ வம்சம், என்றேன்.
மீன் கொடி, முத்து, மதுரை.
கொஞ்சம் பொறுத்து: இங்கே
குளிக்காதவன் என்று அர்த்தம்.

போன் யோசித்தது. கோ சிரித்தார்,
தன் செருப்பை
அடுத்த வீட்டு வாசலில் பார்த்தவர் மாதிரி.

மழை ஆவி படிந்த கண்ணாடியில் ஓர் எழுத்து.
இடப்பக்கம் மூன்று சொட்டு, அது தண்ணீர்.
ஹன், என்றார். ஓர் ஆறு.
முதலில் நுழைகிறவனுக்குத் தலைநகரம் என்று பேச்சு.
நுழைந்தவனுக்குக் கிடைத்ததோ
மலைக்குப் பின்னால் அந்த ஆற்றங்கரை.
போய்த் தொலை என்பதற்கு அரசாங்கப் பாஷை.
குதித்தானாம். கூட இருந்தவர் அமர்த்தினாராம்:
ராத்திரி வானத்தில் வெள்ளையாய் ஓடுகிறதே,
அதற்கும் இதே பேர், வாங்கிக்கொள்.
வாங்கினான். நாலு வருஷத்தில் திரும்பி வந்து
நாடு முழுக்க அந்த ஆற்றைத் திறந்துவிட்டான்.

வம்சம் நானூறு வருஷத்தில் போனது.
பேர் ஜனங்கள் மேல் ஒட்டிக்கொண்டது.
பிறகு வடக்கிலிருந்து வந்து ஆண்ட குதிரைக்காரர்கள்
அதையே வசவாக்கினார்கள்: டேய், ஹன்.
இப்போது, கேட்டேன்.
போன் தயங்காமல் சொன்னது: ஆம்பளை.

நாங்கள் சீனர் என்கிறோமே?
அது அதற்கு முந்தின வம்சம் என்கிறார்கள்,
பதினைந்தே வருஷம்.
வெளியூர்க்காரன் காதில் விழுந்தது அதுதான்.
சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிவேடு வந்தது. சென்றாயன், சங்ககிரி.
அடுத்த வரியில் காவலரின் பேனா நின்றது,
கோவின் முகத்தைப் பார்த்து, பிறகு
"ஒரு சீனாக்காரன்" என்று முடித்தது.
"போயிக்கோ பாண்டி."

வைப்பர் வெளியே அடித்துக்கொண்டிருந்தது.
எழுத்து உள்ளே.
கோரையாற்றுப் பாலத்தில் எட்டிப் பார்த்து
இதன் பேர் என்ன என்றார்.
புல்லின் பேர், என்றேன்.
இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.