பை இழை

குளுகோரில் இரவு பதினொன்று.
குளிரூட்டியின் முனகல்.
பச்சைத் திரையில் மூக்கு உரச உட்கார்ந்திருக்கிறேன்.

எலியின் கெண்டைக்காலிலிருந்து ஒரு தசைக்கதிர்.
ஆஸ்மியம் கறுப்பாக்கியது, வைரக்கத்தி சீவியது.
நீரில் மிதந்த வெள்ளிச் சீவலை
குச்சியில் ஒட்டிய ஒற்றை இமைமயிரால் தள்ளித் தள்ளி
செம்புவலையில் ஏற்றித் தந்தாள் மைமூன்.
யாருடைய இமை என்றேன்.
என்னுடையதுதான் என்றாள்.

சங்கிலி இழையில் எல்லாம் ஒழுங்கு:
நடுவில் குறுக்குக் குழல், இருபுறமும் சவ்வுப் பைகள்,
படகுத்துறை பெஞ்சில் நெருக்கி அமர்ந்த மூவர் போல.
எண்ணினேன். எண்ணி அலுத்தேன்.

பை இழைதான் பிடிகொடுக்கவில்லை.
கருக்கள் குவிந்த அதன் இடுப்பில்
அங்கொரு கீற்று, இங்கொரு கொப்புளம்,
மூவர் அமர வேண்டிய இடத்தில் சில சமயம் ஒருவர்.
வெட்டு கோணல் என்றார் பேராசிரியர் ஓங்.
நான்கு இரவுகள் வெட்டைத் திருத்தினோம்.
சுமை தூக்க அத்தனை குழாய் வேண்டும்;
இழுபடுவதை உணர
இது போதுமோ என்னவோ.

படமெடுக்கும் முன் இடி.
திரை அணைந்தது, பம்பு நின்றது.
மைமூன் ஹொக்கியனில் ஏதோ திட்டினாள், மெதுவாக.

நான்கு மாடி. கைபேசியில் உயிரில்லை.
கால்கள் தாமே படிகளை அளந்து இறங்கின.
என் தொடைக்குள்ளும் அந்தக் கீற்றுகள்,
யாரும் சாயமேற்றாமல், யாரும் எண்ணாமல்.

இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்தேன்.
தரை.
முதுகுவரை குலுங்கிற்று.
“பார்த்து” என்றாள் பின்னாலிருந்து,
பார்க்க எதுவுமில்லாத இருட்டில்.